2.4க்கே மூச்சு வாங்குகிறவர் மெக்ரிட்சியில் ஓடலாமா?

பிப்ரவரி 11, காலை

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டது, அப்படியே போடுகிறேன்: "வயது 41. கடைசியாக ஓடியது ஐபிபிடி (ராணுவ உடற்தகுதித் தேர்வு) 2.4 கிலோமீட்டர், அதுவும் பல வருடத்துக்கு முன். அதற்கே மூச்சு வாங்கியது. அலுவலகத்தில் எல்லாரும் மெக்ரிட்சி சுற்றை, 'யார் வேண்டுமானாலும் ஓடலாம், ஒன்றுமே இல்லை' என்கிறார்கள். நேராக அங்கே போகட்டுமா, இல்லை ஒரு மாதம் ட்ரெட்மில்லில் ஓடிவிட்டுப் போகட்டுமா?"

ட்ரெட்மில் வேண்டாம். மெக்ரிட்சி சுற்றும் இப்போதைக்கு வேண்டாம். காலாங் ஆற்றோரம் போங்கள்.

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் காட்டுக்குள் போகும் முழுச் சுற்று பத்து, பதினொரு கிலோமீட்டர். நடந்துகூட முடித்துவிடலாம், அதனால் தூரம் பெரிய சிக்கல் இல்லை. பாதி வழியில் "போதும்டா சாமி" என்று தோன்றினால் என்ன செய்வீர்கள்? காட்டுக்குள் பேருந்து நிறுத்தம் கிடையாது. வந்த வழியே திரும்பினாலும் அதே தூரம், முன்னே போனாலும் அதே தூரம். புதிதாக ஓடுகிறவருக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது, எந்த இடத்தில் விட்டுவிட்டு வெளியே வர முடியும் என்பதைத்தான். மேடும் பள்ளமும் அதற்கு அப்புறம்.

பிப்ரவரி 11, இரவு

ஏன் காலாங் என்று கேட்டார். சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு அது. மிக நீளம் என்றாலும் 10 கிலோமீட்டர்தான். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி பீஷான்-அங் மோ கியோ பூங்கா, தோ பாயோ ஓரம், பொத்தோங் பாசிர், பூன் கெங் வழியாகக் காலாங் முகத்துவாரத்துக்கு வருகிறது. வழி நெடுக வீவக அடுக்குமாடி பிளாக்குகள், பேருந்து நிறுத்தங்கள், கோப்பிக்கடைகள். கால் பிடித்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் ஒரு தே ஓ கோசோங்கோடு (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) உட்கார்ந்துவிடலாம்.

பீஷான் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கிப் பூங்காவுக்கு நடந்து போங்கள். அந்த நடையே உடம்பைச் சூடாக்கிவிடும். உள்ளே போனதும் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை. ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். ஐபிபிடிக்கு ஓடிய வேகம் இன்னும் உங்கள் காலில் இருக்கும், அதை மறந்தால்தான் இது நடக்கும். 2.4ஐக் கடிகாரத்துக்குப் பயந்து ஓடிப் பழகியவர்கள் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு, எனக்கும்தான்.

பிப்ரவரி 13

பொங்கோலிலிருந்து ஒரு அக்கா கோபமாக எழுதியிருக்கிறார். செங்காங்காரரை எதற்காகப் பீஷான்வரை விரட்டுகிறீர்கள், வீட்டு வாசலிலேயே பொங்கோல் நீர்வழி இருக்கிறதே என்று.

நியாயம். அது 4.2 கிலோமீட்டர், 2011ல் திறந்தது. இரண்டு நீர்த்தேக்கங்களை இணைக்க வெட்டிய கால்வாய். இரண்டு கரையிலும் பாதை, ஆங்காங்கே பாலம். பாலத்தில் ஏறிக் கரை மாறினால் சுற்றைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். வேலை முடிந்து வந்து இருபது நிமிடம் ஓடுவதற்கு அதைவிட வசதி வேறில்லை. ஆனால் நிழல் போதாது. காலை ஒன்பது மணிக்கு மேல் அங்கே ஓடிப் பாருங்கள், நான் ஏன் பீஷானைச் சொன்னேன் என்பது தெரியும். வாரநாளில் பொங்கோல், சனி ஞாயிறு பீஷான். அக்காவுக்குச் சம்மதமா?

பிப்ரவரி 14

சம்மதமாம். ஆனால் "பீஷானில் மழை பெய்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லையே" என்கிறார். சரியான கேள்வி, நீளமாகவே சொல்கிறேன்.

அந்தப் பூங்காவில் முன்பு ஓடியது 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாய். அதை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றினார்கள். 2012ல் திறந்தார்கள். கரையில் புல், பாறை, செடி. சாதாரண நாளில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடும், பிள்ளைகள் இறங்கி விளையாடுவார்கள். ஆனால் கரையோரப் புல்வெளியும் ஆற்றின் பகுதிதான். கனமழையில் தண்ணீர் ஏறி அந்த ஆறு ஏறத்தாழ 100 மீட்டர் அகலத்துக்கு விரியும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். நீர்மட்டத்தைப் பார்க்கும் கருவிகளும் எச்சரிக்கை விளக்குகளும் சங்கும் உண்டு. சங்கு ஊதினால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் மேல் பாதைக்கு ஏறிவிடுங்கள். தலைக்கு மேல் மழை இல்லாமலும் தண்ணீர் வரும். மேலே எங்கோ பெய்தது கீழே இறங்கிக்கொண்டிருக்கும்.

நீரோரத்துப் பாதை மழைக்குப் பின் சேறாகவும் இருக்கும். மேல் பாதையில் ஓடினால் ஆறும் தெரியும், காலணியும் பிழைக்கும்.

பிப்ரவரி 14, சற்று நேரம் கழித்து

நீர்நாய்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலாங் ஆற்றில் அதிகாலையில் பார்க்கலாம். பார்த்தால் நில்லுங்கள், நடுவில் புகுந்து ஓடாதீர்கள். குட்டிகளோடு வரும் குடும்பத்துக்கு நம் காலைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. அவை பாதையைக் கடக்கும்வரை நிற்பது ஓய்வுக்கும் ஒரு சாக்கு.

பிப்ரவரி 20

ஒருவர் எழுதுகிறார்: "மெக்ரிட்சி சுற்று பதினொன்றரை கிலோமீட்டர், என் கடிகாரம் சொல்கிறது." இன்னொருவர்: "பத்துதான், என் கடிகாரம் சொல்கிறது." மூன்றாமவர் இரண்டு பேருடைய கடிகாரத்தையும் திட்டியிருக்கிறார்.

காட்டில் இலைக்கூரை அடர்த்தி. செயற்கைக்கோள் சமிக்ஞை நேராக வந்து சேராது, இலையிலும் தண்டிலும் பட்டுத் திரும்பி வரும். கடிகாரம் உங்களை ஒரு புள்ளியில் வைக்கும், அடுத்த நொடி பக்கத்து மரத்துக்குத் தூக்கிப்போடும். அந்தத் தாவலையெல்லாம் நீங்கள் ஓடியதாகக் கூட்டிக்கொள்ளும், அல்லது வளைவுகளை வெட்டிக் குறைத்துவிடும். அதோடு சிலர் லோர்னி பக்கம் சுற்றுகிறார்கள், சிலர் ஜெலுத்தோங் கோபுரத்துக்கு விலகி ஏறுகிறார்கள். எல்லாரும் 'மெக்ரிட்சி சுற்று' என்றே சொல்கிறார்கள். காட்டில் கிலோமீட்டரை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள். தார்ச்சாலையில் ஒரு மணி நேரத்தில் ஓடுகிற தூரத்துக்கு அங்கே ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கினால் மனம் அமைதியாக இருக்கும். மழைக்கு மறுநாள் என்றால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மார்ச் 1

செங்காங் தம்பி பதினைந்து நிமிடம் நிற்காமல் ஓடினாராம், பீஷானில். "இப்போதாவது காட்டுக்குள் விடுவீர்களா" என்கிறார்.

விடுகிறேன். ஆனால் சுற்று இல்லை. போய்த் திரும்புவது.

மெக்ரிட்சி பூங்காவிலிருந்து லோர்னி சாலைப் பக்கப் பாதையில் நுழையுங்கள். பாதை அகலம், சரளையும் செம்மண்ணும், மேடு பள்ளம் சின்னது. வலப்பக்கம் மரங்களுக்கிடையே நீர்த்தேக்கம் எட்டிப் பார்க்கும், இடப்பக்கம் சாலை இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். காட்டு ரசிகர்களுக்கு அந்த இரைச்சல் பிடிக்காது, புதியவருக்கு அது தைரியம். இருபது நிமிடம் போங்கள், திரும்புங்கள். திரும்பும்போது போனதைவிட அதிக நேரம் ஆனால், போகும்போது வேகமாகப் போயிருக்கிறீர்கள் என்று பொருள்.

மேட்டில் நடங்கள். இதை வெட்கமில்லாமல் செய்யுங்கள். அங்கே வருடக்கணக்காக ஓடுகிறவர்களும் செங்குத்தான இடத்தில் நடக்கிறார்கள், ஓட்டம் எடுப்பது இறக்கத்துக்குப் பிறகு. இறக்கத்தில் அடி சிறிதாக, பார்வை மூன்று நான்கு அடி முன்னால். என் முழங்காலில் இருக்கும் தழும்பு மேட்டில் வந்ததல்ல, சமதரையில் ஒரு வேர் தந்தது. களைப்பாகிக் கால் தூக்காமல் இழுத்து ஓடும் கடைசிக் கட்டத்தில்தான் வேர் எல்லாம் உயரமாகிவிடும்.

நீரோரமாகப் போகும் மரப்பலகைப் பாதைகள் அழகானவை, ஆனால் நடப்பதற்கானவை. ஒடுக்கம், ஈரமானால் வழுக்கும், எதிரே குடும்பம் குடும்பமாக வருவார்கள். தொங்குபாலமும் அப்படித்தான். 250 மீட்டர் நீளம், ஒருவழிப் பாதை, திங்கட்கிழமை மூடல். அதை ஓட்டப் பயணத்தில் சேர்க்காதீர்கள். வேறொரு நாள் பிள்ளைகளோடு போய் நின்று பாருங்கள்.

மார்ச் 2

விட்டுப்போனது: காட்டுப் பாதைகளின் நேரம் காலை 7 முதல் மாலை 7 வரை. இங்கே விடிவதே ஏழு மணியை ஒட்டித்தான். மாலை ஆறுக்கு மேல் உள்ளே நுழையாதீர்கள், மரத்தடியில் இருட்டு சீக்கிரம் வந்துவிடும்.

மார்ச் 9

தோ பாயோவிலிருந்து 63 வயது அம்மா ஒருவர். முழங்கால் தேய்மானம், மருத்துவர் மெதுவாக ஓடலாம் என்று சொல்லியிருக்கிறார். ஆற்றோர சிமெண்டில் ஓடினால் வலிக்கிறது, லோர்னி மண்ணில் வலிக்கவில்லை என்கிறார். "நீங்கள் முதலில் ஆறு, பிறகு காடு என்று வரிசை போட்டது எனக்குத் தலைகீழ்" என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் போட்ட வரிசை மூச்சுக்கானது. மூட்டுக்கு வேறு வரிசை. அம்மாவுக்கு மூச்சு பிரச்சினை இல்லை, தினமும் நடக்கிறவர். அவருக்கு மண் பாதை முதலிலேயே நல்லது, ஆனால் வேர் இல்லாத மண். அதற்கு மெக்ரிட்சியைவிட ரயில் காரிடார், அதாவது பழைய ரயில் பாதை, பொருத்தம் என்று இப்போது படுகிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்று நேரமில்லை.

மார்ச் 10

குரங்கு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சுருக்கமாக: கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். நீண்ட வால் குரங்குகளுக்கு அந்தச் சரசரப்பு போதும், உள்ளே நாசி லெமாக் இருக்கிறதா, நனைந்த சட்டை இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துத்தான் முடிவு செய்யும். ஓட்டத்தின்போது சாப்பிடும் ஜெல் பாக்கெட்டைக் கையில் பிடித்து ஓடாதீர்கள், இடுப்புப் பைக்குள் வையுங்கள். அருகில் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். கண்ணோடு கண் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். தீனி போட்டால் முதல்முறை பிடிபடுகிறவருக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

"சிரிக்கக்கூடக் கூடாதா" என்று ஒருவர். மேடு ஏறும்போது உங்களுக்குச் சிரிப்பு வராது, கவலைப்படாதீர்கள்.

மார்ச் 16

ரயில் காரிடார். வாக்குக் கொடுத்தபடி.

தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை மலாயா ரயில் ஓடிய பாதை, 24 கிலோமீட்டர். கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு கிளம்பியது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் நிலம் சிங்கப்பூரிடம் வந்தது. தண்டவாளத்தைப் பெரும்பாலும் பெயர்த்துவிட்டு, பாதையை மட்டும் பசுமை வழியாக விட்டுவைத்தார்கள். புக்கிட் தீமா பழைய நிலையத்தைச் சீரமைத்து 2022ல் திறந்தார்கள்.

ஓடுகிறவருக்கு இதில் என்ன லாபம்? ரயில் செங்குத்தாக ஏறாது. அதனால் பாதையும் ஏறாது. மண்ணும் பொடிச்சரளையும் புல்லும் கலந்த தரை, அகலம், நேர்கோடு. இரண்டு பக்கமும் மரம். வேர் தடுக்காது. மழை விட்டதும் சில இடங்களில் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். வெளியே வரும் வழிகளும் நிறைய. அம்மாவுக்குச் சொல்வது: கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் இறங்குங்கள், பழைய நிலையம் பக்கத்திலேயே. அங்கிருந்து வடக்கே, ரயில் மால் அருகிலுள்ள இரும்புப் பாலத்தை நோக்கி. முடிந்தவரை போய், களைத்தால் பியூட்டி வேர்ல்ட் பக்கம் வெளியே வந்து ரயில் ஏறிவிடலாம்.

அந்தத் தண்டவாளத்தைப் போட்டதிலும் பராமரித்ததிலும் நம்மவர்கள் நிறையப் பேர். என் பக்கத்து வீட்டுத் தாத்தா ரயில்வேயில் கேங் வேலை பார்த்தவர். இப்போது அங்கே ஓடுகிறோம் என்று சொன்னபோது, "சம்பளம் இல்லாமலா?" என்று கேட்டார்.

மார்ச் 17

அம்மா பதில் போட்டிருக்கிறார். போனாராம், முழங்கால் ஒன்றும் சொல்லவில்லையாம். "நேர்கோடு சலிப்பு" என்கிறார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை, கூட யாரையாவது அழைத்துப் போங்கள்.

ஏப்ரல் 6

அட்மிரல்ட்டியிலிருந்து ஒரு தங்கை: "காலை ஐந்தரைக்குத்தான் எனக்கு நேரம். தனியாக. எங்கே ஓடலாம்?"

காடு அந்த நேரத்துக்குத் திறப்பதில்லை. ரயில் காரிடார் எந்நேரமும் திறந்திருக்கும், ஆனால் பெரும்பகுதி விளக்கு இல்லாதது, வனவிலங்குகளுக்காக வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்கள். தலைவிளக்கு போட்டு ஓடுகிறவர்கள் உண்டு. நான் உங்களைத் தனியாகப் போகச் சொல்லமாட்டேன். இந்த ஊர் பாதுகாப்பானது என்று எல்லாரும் அறிவுரை சொல்வார்கள், உண்மைதான். ஆனால் கணுக்கால் மடங்கி இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஊர் பாதுகாப்பாக இருந்து என்ன பயன்? விளக்கும் ஆள் நடமாட்டமும் உள்ள பூங்கா இணைப்புப் பாதையில் வாரநாள் ஓட்டத்தை வைத்துக்கொண்டு, காட்டை வார இறுதிப் பகலுக்கு ஒதுக்குங்கள். எந்தப் பாதை, எப்போது திரும்புவேன் என்று வீட்டில் ஒரு செய்தி போட்டுவிட்டுப் போங்கள். இது ஆண்களுக்கும்தான், அவர்கள்தான் சொல்லாமல் போகிறார்கள்.

ஏப்ரல் 19

இன்று காலை மெக்ரிட்சி வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இந்த மாதங்களில் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து வரும் காற்றோடு கூடிய மழை, மணி கணக்காகப் பெய்யாது, ஆனால் கிளையை முறித்துப் போடும். நனைவது பிரச்சினையே இல்லை. இடியும் விழும் கிளையும்தான். கூட வந்த நண்பர், "இவ்வளவு தூரம் வந்துவிட்டு..." என்று இழுத்தார். வந்த தூரத்துக்கு அப்பர் தாம்சன் சாலையில் பரோட்டா சாப்பிட்டோம். ஓடாத நாளில் இரண்டு முட்டைப் பரோட்டா சரியா தவறா என்று இங்கே யாரும் விவாதம் தொடங்க வேண்டாம்.

ஏப்ரல் 20

தொடங்கிவிட்டார்கள். பொங்கோல் அக்கா தலைமையில்.

மே 4

வெயில். இரண்டு பேர் தலைசுற்றல் வந்து நிறுத்தியதாக எழுதியிருக்கிறார்கள், ஒருவர் காட்டுக்குள்ளேயே. "நிழலில்தானே ஓடினேன்" என்கிறார்.

நிழல் வெயிலைத்தான் தடுக்கும், ஈரப்பதத்தைக் குறைக்காது. காட்டுக்குள் காற்றும் அசையாது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும், அங்கே அது உலராமல் சொட்டிக்கொண்டே இருக்கும். நிழலை நம்பி வேகம் கூட்டுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ஆற்றோரத்தில் வெயில் அதிகம், ஆனால் காற்று உண்டு.

2023லிருந்து வெப்ப அழுத்த எச்சரிக்கையைச் செயலியில் பார்க்கலாம். ஈரக்குமிழ் வெப்பநிலைக் குறியீடு 31 டிகிரிக்குக் கீழே என்றால் குறைவு, 31லிருந்து 33க்குள் மிதம், 33ம் அதற்கு மேலும் அதிகம். சாதாரண வெப்பநிலையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இதில் ஈரப்பதமும் வெயிலும் காற்றும் சேர்ந்திருக்கின்றன. மிதம் என்று காட்டினாலே நான் ஓட்டத்தைப் பாதியாக்கிவிடுவேன். தலைசுற்றலோ, வியர்த்துக்கொண்டே குளிர்வதுபோல் உணர்வதோ வந்தால் நிறுத்தி உட்காருங்கள், சட்டையைத் தளர்த்துங்கள், தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள், அருகிலிருப்பவரைக் கூப்பிடுங்கள். பேச்சு குழறினாலோ நிலை தடுமாறினாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 995.

தண்ணீர் கையிலேயே இருக்கட்டும். மெக்ரிட்சி ரேஞ்சர் நிலையத்தில் குடிநீர் உண்டு, ஆனால் அது சுற்றின் மறுபக்கத்தில். தாகம் உங்கள் வசதிக்கு அங்கே வந்து காத்திருக்காது.

மே 5

மேலே சொன்னதில் ஒன்று கூட்ட வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு என்று மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெறும் வயிற்றில் ஓடக் கிளம்பாதீர்கள். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு எத்தனை, சொல்லுங்கள்.

ஜூன் 8

செங்காங் தம்பி முழுச் சுற்றையும் முடித்துவிட்டார். பாதி ஓட்டம், பாதி நடை, இடையில் ரேஞ்சர் நிலையத்தில் நீண்ட ஓய்வு. "அலுவலகத்தில் யாருமே உண்மையில் முழுச் சுற்றும் ஓடியதில்லையாம், இப்போதுதான் தெரிந்தது" என்கிறார். எனக்கு ஆச்சரியம் இல்லை.

அடுத்து புக்கிட் தீமா உச்சி கேட்கிறார். 163 மீட்டர்தான், ஆனால் தார்ச்சாலையிலேயே செங்குத்து, இறக்கத்தில் தொடை நடுங்கும். மெக்ரிட்சியையும் அதையும் ஒரே நாளில் சேர்த்து ஓடலாமா என்றும் கேட்டிருக்கிறார். முடியும், நிறையப் பேர் ஓடுகிறார்கள். பீகேஇ விரைவுச்சாலைக்கு மேல் மரம் நட்ட பாலம் ஒன்று தெரியும், அது எறும்புண்ணிக்கும் மற்ற விலங்குகளுக்கும் கட்டியது, நீங்கள் ஏறக்கூடாது. அந்த இணைப்பு இப்போது வேண்டாம் தம்பி. முதலில் உச்சிக்கு ஏறி இறங்குங்கள், நடையாகவே. மறுநாள் படிக்கட்டு இறங்க முடிகிறதா என்று எழுதுங்கள், அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

ஜூன் 10

படிக்கட்டு இறங்க முடியவில்லையாம். மின்தூக்கியும் பழுதாம்.